கையெழுத்து யாருடையது?

ரத்தப் பரிசோதனை முடிவு எழுதிக் கொடுக்கிற தாளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் அடியில் ஒரு கோடு இருக்கும். கோட்டுக்குக் கீழே டாக்டரின் பெயரும் அவர் படித்த படிப்பும் அச்சடித்திருக்கும். சில தாள்களில் இடது ஓரத்தில், பொடி எழுத்தில், டெக்னீஷியன் என்று இன்னொரு இடம் விட்டிருப்பார்கள். பல தாள்களில் அதுவும் இருக்காது. கிட்டத்தட்ட முப்பது வருஷமாக அந்தக் கோட்டுக்கு மேலே உள்ள எண்களை எழுதிக்கொண்டிருப்பவள் நான்.

போன வருஷம் பெண்கள் தினத்துக்கு, மதுரையில் லேப் டெக்னீஷியன் படிப்பு படிக்கிற பிள்ளைகள் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். இந்தத் துறையில் பெண்கள் முன்னேற என்ன ஆதரவு வேண்டும் என்பது தலைப்பு. வழக்கமாகச் சொல்கிறதைச் சொன்னேன். ராத்திரி டூட்டி முடிந்தால் வீடு போய்ச் சேர வண்டி வேணும், கைப்பிள்ளையை விட்டுவிட்டு வர ஒரு இடம் வேணும், மேல்படிப்புக்கு லீவு வேணும். கை தட்டினார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, "மேடம், நீங்க யாருக்கு ஆதரவு குடுத்திருக்கீங்க?" என்று கேட்டுச்சு. கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. மேடையில் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு இறங்கி வந்தேன். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்.

மேலூர் பக்கம் எங்க ஊர். பெரியாறு கால்வாய்த் தண்ணி வந்தால் நடவு, வராவிட்டால் கொத்து வேலை. நான் பன்னிரண்டாவது முடித்துவிட்டு லேப் படிப்புக்குப் போகிறேன் என்றபோது, அது என்ன படிப்பு என்று அம்மா கேட்டாள். ரத்தம், சளி, மலம், மூத்திரம் எல்லாத்தையும் சோதிச்சு என்ன சீக்குன்னு சொல்றது என்றேன். அம்மா சிரித்துவிட்டாள். "இதுக்குப் போயி அம்புட்டுப் பணம் கட்டணுமாக்கும்? நம்மாளுக காலங்காலமா காசு வாங்காமச் செஞ்ச வேலைதான?"

அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது நினைத்துப் பார்த்தால், நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு கூர்மையான கேள்வி இல்லை. ஊரில் பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் யார்? நச்சுக்கொடி அறுத்து, ரத்தச் சீலை அலசி, செத்த மாட்டை இழுத்துப் போட்டு, பிணத்துக்குக் குழி வெட்டியவர்கள் யார்? மருத்துவச்சியாகவும் வண்ணாத்தியாகவும் வெட்டியானாகவும் இருந்த சாதிகள் மனித உடம்பிலிருந்து வெளியே வருகிற எல்லாவற்றையும் தொட்டார்கள். தொட்டதாலேயே தீட்டானார்கள். அதே ரத்தத்தை ஒரு கண்ணாடித் தகட்டில் வைத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அது விஞ்ஞானம். ரத்தம் மாறவில்லை, தொடுகிற கையும்கூடச் சில சமயம் மாறவில்லை. மாறியதெல்லாம் அந்தத் தொடுதலுக்குப் பின்னால் ஒரு அறிவு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதுதான். தொழில்நுட்பம் என்ற சொல்லுக்கு நான் கண்ட அர்த்தம் இதுதான். அழுக்கு என்று ஒதுக்கியதை அறிவு என்று ஒப்புக்கொண்டு பேர் வைப்பது. அப்படியானால், யாருடைய தொடுதலை அறிவு என்று ஒப்புக்கொள்கிறோம், யாருடையதை வெறும் கைவேலை என்று தள்ளுகிறோம் என்கிற கேள்வி வருகிறது. பெண்களின் பதவி உயர்வு, ஆதரவு என்று நாம் பேசுவதெல்லாம் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகவே முடியாது.

1995-ல் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். பேர் வேண்டாம். அப்போதெல்லாம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் வாயால்தான் உறிஞ்சி ஏற்றுவோம். கவனம் பிசகினால் அடுத்தவர் ரத்தம் நாக்குக்கு வந்துவிடும். எனக்கு இரண்டு தடவை வந்திருக்கிறது. ஹீமோகுளோபின் பார்க்க ரத்தத்தை அமிலத்தில் கலந்து, அதன் பழுப்பு நிறம் பக்கத்துக் கண்ணாடிக் குச்சியின் நிறத்தோடு ஒத்துப்போகும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும். அங்கே உன் கண்ணைத் தவிர வேறு மிஷின் கிடையாது. காச நோய்க்குச் சளி பார்க்கிறதென்றால், நீலப் பின்னணியில் சிவப்பாய்ச் சின்னச் சின்னக் குச்சிகள் தெரிகிறதா என்று தேட வேண்டும். இல்லை என்று எழுதுவதற்கு முன்னால் குறைந்தது 100 இடம் நகர்த்திப் பார்த்திருக்க வேண்டும். இருக்கிறது என்பதைவிட இல்லை என்று சொல்வதற்குத்தான் அதிகப் பொறுமையும் நேர்மையும் வேண்டும். யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. 40 இடத்தோடு நிறுத்திவிட்டுக் கையைக் கழுவினாலும் கேட்பாரில்லை. நிறுத்தாமல் பார்க்கிறது மனசாட்சியின் வேலை. அதற்குச் சம்பளப் பட்டியலில் இடமில்லை.

1997 ஜூன் 30-ல் மேலவளவில் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் கூட இருந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். தலித் ஒருவர் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார் என்பதுதான் குற்றம். அதற்குப் பிறகு அம்மா, "யாரு ஊரைக் கேட்டாலும் மதுரைன்னு மட்டும் சொல்லு தாயி" என்று சொல்லி அனுப்புவாள். அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கத்து ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் ஒருவரை லேபுக்குக் கூட்டி வந்தார்கள். கூட வந்த அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. நான் கையில் ரப்பர் கட்டப் போகும்போது, "வேற ஆளு இல்லையா?" என்று கேட்டது. வேறு ஆள் வந்து ஊசி போட்டார். அன்றைக்குச் சாயங்காலம் நிர்வாகத்தில் கூப்பிட்டு, ரொம்பப் பரிவாக, "நீ உள்ளேயே இரும்மா, மைக்ராஸ்கோப் பக்கம் பாத்துக்க, வெளிய வந்து சங்கடப்பட வேணாம்" என்றார்கள். அவர்கள் கணக்கில் அது எனக்குச் செய்த ஆதரவு. ஒரு வகையில் உண்மையும்தான், உள்ளே இருந்ததால்தான் நான் மைக்ராஸ்கோப்பில் தேர்ந்தேன். ஆனால் என் ஆதரவுக்காக அந்த அம்மாவின் கேள்வியை நியாயமாக்கிவிட்டார்கள். எனக்குப் பின்னால் வந்த, நான் சாயம் போடக் கற்றுக்கொடுத்த பையன் மூன்றே வருஷத்தில் லேப் இன்சார்ஜ் ஆனான். கேட்டதற்கு, "நீ கல்யாணமாகிப் போயிருவ" என்றார்கள். அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கேயும் போகவில்லை.

இதுவரை சொன்னது எனக்கு நடந்தது. கூட்டங்களில் இதைச் சொல்லியிருக்கிறேன், சொல்வது சுலபம். நான் செய்ததைச் சொன்னதில்லை.

அந்த லேபில் குழாய் கழுவ, தரை துடைக்க ஒரு பெண் இருந்தாள். அருந்ததியர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவள், முப்பதைத் தாண்டியிருக்க மாட்டாள். எல்லோரும் அவளை 'ஆயா' என்றுதான் கூப்பிடுவோம், நானும்தான். ஆஸ்பத்திரிகளில் இது ஒரு விசித்திரம். துடைப்பம் பிடிக்கிற பெண்ணுக்கு இருபது வயதானாலும் ஆயா, ஊசி பிடிக்கிற பெண்ணுக்கு ஐம்பது வயதானாலும் சிஸ்டர். அவள் என்னை மேடம் என்பாள். ஊரில் என்னை அப்படிக் கூப்பிட யாரும் இல்லை. அதனால் அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒருநாள் சில குழாய்களில் சீரம் சிவப்பாகி, பரிசோதனை கெட்டு, டாக்டர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் மருந்து சரியில்லையோ, குழாயில் சோப்பு நின்றுவிட்டதோ என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தோம். டாக்டர் போன பிறகு அவள் சொன்னாள்: "மேடம், சோப்பு இல்ல. அந்தத் தம்பி ரத்தம் எடுத்துட்டு ஊசியோடவே வேகமாக் குழாய்க்குள்ள பீச்சுது. அது எடுக்குற அன்னைக்கெல்லாம் மேல் தண்ணி செவப்பாத்தான் வருது." முற்றிலும் சரி. ஊசியின் குறுகிய வாய் வழியாக அழுத்தித் தள்ளினால் சிவப்பணுக்கள் உடையும், உள்ளே இருக்கிற நிறம் சீரத்தில் கலந்துவிடும். பாடப் புத்தகத்தில் நான் படித்ததுதான். படித்த நான் பார்க்கவில்லை. கழுவுகிறவள் யார் எடுத்த ரத்தம், என்றைக்கு, எப்படி என்று ஒப்பிட்டுப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள். இதைவிட விஞ்ஞானம் எது? நான் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். 'நான் கவனித்தேன் சார்' என்று சொன்னேன்.

கொஞ்ச நாள் கழித்து அவள் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையில் துடைத்துவிட்டு வந்து நின்றாள். "மேடம், நானும் ஒருக்கா அந்தக் கண்ணாடியில பாக்கட்டா?" என்றாள். நான் சொன்ன பதில் வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "வேணாம் ஆயா, லென்சுல கை பட்டா என்னையத்தான் திட்டுவாங்க." அவள் சரி மேடம் என்று போய்விட்டாள். பிறகு கேட்கவே இல்லை. அந்தப் பெரிய வீட்டம்மா கேட்ட "வேற ஆளு இல்லையா"வுக்கும் நான் சொன்ன "லென்சுல கை படும்" என்பதற்கும் என்ன வித்தியாசம்? அந்தம்மா பச்சையாகச் சொன்னது, நான் நாசூக்காகச் சொன்னேன். 2009-ல் 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் உள்ஒதுக்கீடு வந்தபோது எங்கள் ஆட்களில் பலர் முணுமுணுத்தார்கள். நானும் முணுமுணுத்தேன். மைக்ராஸ்கோப்பில் பார்க்கட்டா என்று கேட்டவளின் முகம் அப்போது என் நினைவுக்கு வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

அம்பேத்கர் 1936-லேயே சாதி வேலையைப் பிரிக்கிற ஏற்பாடு மட்டுமில்லை, வேலை செய்கிறவர்களை ஒருவர் மேல் ஒருவராகப் பிரித்து அடுக்கி வைக்கிற ஏற்பாடு என்று விளக்கினார். அந்த அடுக்கில் ஒவ்வொருவருக்கும் கீழே மிதிக்க ஒருவர் இருப்பதால்தான் அது உடையாமல் நிற்கிறது. ஆஸ்பத்திரி அந்த அடுக்கை வெள்ளைக் கோட்டுப் போட்டு மறைக்கிறது. இன்னொரு திரையும் உண்டு, சேவை என்ற சொல். காந்தி மலம் அள்ளுவதைப் புனிதமான பணி என்று போற்றினார். அப்படிப் போற்றுவது அந்த மனிதரை அங்கேயே கட்டிப்போடுகிற தந்திரம் என்று 1945-ல் அம்பேத்கர் கடுமையாக எழுதினார். நர்சுக்கும் டெக்னீஷியனுக்கும் சம்பளம், பதவி உயர்வு என்று பேச்சு எடுத்தால், 'இது சேவைம்மா' என்று உடனே வரும். டாக்டரிடம் யாரும் இப்படி ஃபீஸைக் குறைத்துக் கேட்டு நான் பார்த்ததில்லை. 2020 மார்ச்சில் நாடே நின்று கை தட்டியது. மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு மாதிரி எடுத்த பிள்ளைகளில் ஏராளமானோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். கைதட்டலுக்கு ஒப்பந்தம் கிடையாது, அது இலவசம்.

வேறு மாதிரிச் செய்யவே முடியாதா? முடியும் என்பதற்கு மதுரையிலேயே சாட்சி இருக்கிறது. 1976-ல் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். மூட்டுவாதத்தில் விரல்கள் முடங்கிப் போனவர் அவர், அந்த விரலால் கத்தி பிடிக்கப் பழகிக்கொண்டவர். அவரும் அவர் தங்கை டாக்டர் நாச்சியாரும் பன்னிரண்டாவது முடித்த கிராமத்துப் பெண்களைக் கூட்டி வந்து இரண்டு வருஷம் பழக்கினார்கள். பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, பொருத்த வேண்டிய லென்சின் அளவைக் கணக்கிடுவது, ஆபரேஷன் தியேட்டரில் கருவி எடுத்துக் கொடுப்பது, நோயாளிக்குப் புரியும்படி சொல்லிப் பயத்தைப் போக்குவது எல்லாமே அந்தப் பெண்கள்தான். டாக்டர் ஒரு மேசையில் கண்ணை முடித்துத் திரும்பினால் பக்கத்து மேசையில் அடுத்த கண் தயாராக இருக்கும். அந்த வேகம் பாதிக்கு மேல் பெண்களுடைய கையின் வேகம். 1992-ல் ஆரோலேப் தொடங்கி, வெளிநாட்டிலிருந்து பெரும் விலைக்கு வாங்கிய கண் லென்சை இங்கேயே சல்லிசாகச் செய்தபோதும், அந்த நுட்ப வேலையில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள்தான்.

இதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். டாக்டர் மட்டுமே செய்ய முடியும் என்று நினைத்திருந்த பத்து வேலையில் எட்டை, நடவு நட்ட குடும்பத்துப் பெண் செய்வாள் என்று அது நிரூபித்தது. திறமை பிறப்பில் இல்லை என்று நாம் மேடையில் கத்துகிறதை அவர்கள் அறுவை மேசையில் காட்டினார்கள். இதைப் பார்த்த பிறகு, 'லென்சுல கை படும்' என்று நான் சொன்னதற்குச் சாக்கே இல்லாமல் போய்விடுகிறது. சொல்லிக் கொடுத்திருந்தால் அவளும் பார்த்திருப்பாள்.

ஆனாலும் கேட்க வேண்டியது மிச்சம் இருக்கிறது. இது ஒரு ஆஸ்பத்திரியைப் பார்த்துக் கேட்கிறதில்லை, இந்த மாதிரி எல்லா ஏற்பாட்டையும் பார்த்துத்தான். கிராமத்துப் பெண் என்ற சொல்லுக்குள் ஊரும் இருக்கிறது, சேரியும் இருக்கிறது. ஆளெடுக்கும்போது அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்கிற கண் வேண்டும். அடுத்தது, கற்ற வித்தை யாருக்குச் சொந்தம்? அங்கேயே தங்கிய பெண்கள் பயிற்சி கொடுப்பவர்களாக, பிரிவுப் பொறுப்பாளர்களாக உயர்ந்ததுண்டு. கல்யாணமாகித் திண்டுக்கல் பக்கமோ ராமநாதபுரம் பக்கமோ போனவள் தன் கையில் உள்ள வித்தையை எந்தத் தாளைக் காட்டி அடுத்த வாசலில் நிரூபிப்பாள்? நர்சுகளுக்கு 1947-லேயே தேசியச் சட்டம் வந்தது. மருந்தாளுநர்களுக்கு 1948-ல் வந்தது. லேப் டெக்னீஷியன், கண் டெக்னீஷியன், எக்ஸ்ரே டெக்னீஷியன் எல்லோருக்கும் சேர்த்து ஒரு தேசியச் சட்டம் 2021-ல்தான் வந்தது. நடுவில் எழுபது வருஷத்துக்கும் மேலே நாங்கள் இருக்கிறோம் என்பதற்கே நாட்டில் ஒரு பதிவேடு கிடையாது. நம் ஜனங்களுக்குப் பட்டா இல்லாத மாதிரிதான் இதுவும். உழுதுகொண்டிருக்கலாம், நிலம் உன் பேரில் இருக்காது.

கையெழுத்துக்கு வருகிறேன். 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் குஜராத் வழக்கு ஒன்றில், பரிசோதனை அறிக்கையில் நோய்க்குறியியல் மேல்படிப்பு முடித்த பதிவு பெற்ற மருத்துவர்தான் கையெழுத்திட வேண்டும் என்று சொல்லிவிட்டது. எங்கள் ஆட்களுக்குக் கோபம். பலர் சொந்த லேப் வைத்திருந்தவர்கள், பிழைப்புப் போய்விடும் என்று பயந்தார்கள். நான் அந்தத் தீர்ப்பைத் தப்பென்று சொல்ல மாட்டேன். என் அம்மாவுக்கு வந்த அறிக்கையைப் படித்து, இது என்ன வியாதி என்று பொறுப்பேற்றுச் சொல்ல முழுசாகப் படித்த ஒருவர் வேண்டும் என்றுதான் நானும் நினைப்பேன். என் வழக்கு வேறே. எண் தப்பாகிவிட்டால் 'யாரும்மா பார்த்தது?' என்று என் பெயரைக் கேட்கிறார்கள். மெமோ என் பெயருக்கு வருகிறது. எண் சரியாக இருந்தால் யாரும் கேட்பதில்லை, கோட்டுக்குக் கீழே அவர் பெயர் இருக்கிறது. தப்புக்கு மட்டும் பெயர் இருக்கிற ஒரு ஆளாக மனுஷி எத்தனை வருஷம் இருக்க முடியும்? பொறுப்பைக் கொடுக்கிற இடத்தில் அறிவையும் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒப்புக்கொண்டால் அந்த அறிவு மேலே போக வழி விட வேண்டும். டிப்ளமோ படித்தவள் சம்பளம் இழக்காமல் பட்டப் படிப்பு படிக்கணும். பட்டம் படித்தவள் பாடம் சொல்லிக் கொடுக்கிற நாற்காலிக்கு வரணும். இதைத் தருவது தயவு ஆகாது. ஆதரவு என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. விழுந்து கிடப்பவளைத் தாங்குகிற மாதிரி ஒரு தொனி அதில் இருக்கிறது. நாங்கள் விழவில்லை, நின்றுகொண்டுதான் இருக்கிறோம், வாசலை மறிக்காமல் இருந்தால் போதும்.

இதை டாக்டரைப் பார்த்துச் சொல்கிறபோது என் குரல் நன்றாகவே எழும்புகிறது. அப்படியே திரும்பி எனக்குக் கீழே நிற்பவளைப் பார்த்தால் தொண்டை அடைக்கிறது. சீரம் ஏன் சிவந்தது என்று கண்டுபிடித்தவளுக்கு நான்தான் அந்தக் கோடு. அவள் அறிவுக்குக் கீழே என் பெயரைப் போட்டேன். கொஞ்ச வருஷத்தில் அவள் வேலையை விட்டுப் போனாள், நானும் அரசு வேலை கிடைத்து வந்துவிட்டேன். பிறகு தேடிப் பார்த்தேன், இருந்த தெருவில் இல்லை. பெண்கள் முன்னேற்றம் என்று பேசுகிற கூட்டங்களில், முன்னேறுகிற பெண் நடந்து போகிற தரையைத் துடைக்கிற பெண்ணும் அந்தக் கணக்கில் வருகிறாளா என்று இப்போது கேட்கிறேன். கேட்டால், "அது வேற பிரச்சினை மேடம்" என்கிறார்கள்.

கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நான் இப்போது வேலை பார்க்கிற இடத்தில் துப்புரவு வேலை ஒப்பந்தக் கம்பெனியிடம் இருக்கிறது. முன்பு துடைப்பம் பிடித்தவள் பெயராவது ஆஸ்பத்திரிப் பதிவில் இருந்தது, இப்போது அதுவும் இல்லை. அதில் ஒரு பிள்ளை, பன்னிரண்டாவது சயின்ஸ் குரூப் பாஸ். போன மாதம் நான் மலேரியாத் தகடு ஒன்று பார்த்துக்கொண்டிருக்கும்போது தற்செயலாக அந்தப் பக்கம் வந்துச்சு. அது கேட்கவில்லை, நான்தான் கூப்பிட்டேன். முதலில் கண்ணை வைக்கத் தெரியவில்லை, தன் இமை முடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு சிவப்பணுவுக்குள் மோதிரம் மாதிரி ஒன்று தெரிகிறது என்றது. சரி, அதுதான் என்றேன். பத்து நிமிஷம் இருக்கும். மறுநாள் கம்பெனி சூப்பர்வைசர், இடத்தில் இல்லை என்று அதற்கு அரை நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார். போய்ச் சண்டை போட்டேன். "உங்க ஸ்டாஃப் இல்லையே மேடம், உங்களுக்கென்ன?" என்கிறார். எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. டிப்ளமோ விண்ணப்பம் எப்போது கொடுப்பார்கள் என்று அந்தப் பிள்ளை நேற்று மாடிப்படியில் வைத்துக் கேட்டுச்சு. கேட்டுவிட்டு, சூப்பர்வைசர் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டது.